கண்ணும் நலமும்: விழித்திரைச் சத்திரசிகிச்சை பற்றி வாசகர் கேட்டவை

கண்புரை பற்றி எழுதிய பின்னர் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விழித்திரை பற்றியே இருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தமையால் அவற்றைச் சேர்த்துச் சுருக்கி, எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டுப் பதில் தருகிறேன். பதில்கள் பொதுவானவை, உங்கள் கண்ணைப் பார்த்த வைத்தியர் சொன்னதற்கு மாற்றாக இவற்றைக் கொள்ளவேண்டாம்.

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு வயது 58. சிறுவயது முதல் குறும்பார்வைக்குக் கண்ணாடி அணிகிறேன். பத்து நாட்களுக்கு முன்னர் வலக்கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுவது போலத் தோன்றியது. பிறகு கரும்புள்ளிகள் ஈப்போலப் பறந்தன. இப்போது கீழிருந்து ஒரு நிழல் எழும்பி வருகிறது. விழித்திரை விலகிவிட்டது, உடனே சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்கிறார்கள். ஆனால் நோவு எதுவும் இல்லை. நல்லூர்த் தேரும் தீர்த்தமும் முடிந்த பின்னர் போகலாமா? (சாவகச்சேரி)

பதில்: போகக்கூடாது. இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே இவருக்குத் தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது, நோவில்லாத வருத்தம் காத்திருக்கும் என்று எண்ணுகிற ஏனையோருக்காக. விழித்திரைக்கு நோவை உணரும் நரம்பு கிடையாது. அது கிழிந்தாலும், கழன்றாலும், பட்டுப்போனாலும் முறையிடாது. மின்னலும் புள்ளியும் நிழலுமே அதன் முறைப்பாடு.

கண்ணின் உட்பகுதியை நிரப்பியிருக்கும் கண்ணாடியுடனீர், பிள்ளைகள் பாடசாலையில் படிப்பது போல, முட்டையின் வெள்ளைக்கருவை ஒத்த ஒரு கூழ். வயது ஏற ஏற அது இளகிச் சுருங்கி விழித்திரையிலிருந்து பிரிகிறது. பெரும்பாலானோருக்கு இது சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும். சிலருக்கு, சிறப்பாகக் குறும்பார்வை உள்ளவர்களுக்கும் கண்ணில் அடிபட்டவர்களுக்கும், அந்தக் கூழ் எங்காவது இறுகப் பற்றியிருந்து, பிரியும்போது விழித்திரையைக் கிழித்துவிடுகிறது. ஓட்டின் வெடிப்பினூடாக இறங்கும் மாரிமழை சுவரின் பூச்சை ஊதச்செய்து கழற்றுவது போல, அந்தக் கிழிசலினூடாக உட்புகும் நீர் விழித்திரையைப் பின்சுவரிலிருந்து பிரித்துக்கொண்டே போகும். ஒளியை உணரும் கலங்களுக்கு உணவும் ஒட்சிசனும் வருவது அந்தப் பின்சுவரிலிருந்துதான். ஆகவே கழன்ற பகுதி பட்டினி கிடக்கத் தொடங்குகிறது.

உங்களுக்கு நிழல் கீழே தெரிகிறது என்றால் கழன்றிருப்பது விழித்திரையின் மேற்பகுதி, ஏனெனில் கண்ணில் விழும் விம்பம் தலைகீழானது. மேற்பகுதியில் தொடங்கும் விலகல் நீரின் பாரத்தால் விரைவாகக் கீழிறங்கி, வாசிப்பதற்கும் முகம் பார்ப்பதற்கும் பயன்படுகிற மஞ்சட்பொட்டைச் சென்றடையக்கூடியது. மஞ்சட்பொட்டு ஒட்டியிருக்கும்போதே சத்திரசிகிச்சை செய்தால் முன்பிருந்த பார்வை பெருமளவு தப்பும். அது கழன்ற பின்னர் செய்தால், விழித்திரையைத் திரும்ப ஒட்டிவிடலாமே தவிர, பார்வை எவ்வளவு திரும்பும் என்று கையடித்துச் சொல்ல முடியாது. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே நாங்கள் இன்றைக்கு என்றும் நாளைக்கு என்றும் அவசரப்படுத்துகிறோம்.

முதன்முதலில் மின்னல் வெட்டிய அன்றே வந்திருந்தால் கிழிசல் மட்டுமே இருந்திருக்கக்கூடும். அப்போது அதைச் சுற்றி லேசர் ஒளியால் சுட்டு, தழும்பால் ஒட்டச்செய்து, அன்று மத்தியானமே வீட்டுக்கு அனுப்பியிருப்போம். இன்றைக்கு அது இயலாது. ஆனாலும் நம்பிக்கை இழக்கவேண்டியதில்லை. 100 ஆண்டுகளுக்கு முன்னர் இந்த வருத்தம் வந்த கண் ஏறத்தாழ உறுதியாகக் குருடாகிவிடும். சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல்ஸ் கொனான் என்ற வைத்தியர், நோய்க்குக் காரணமே அந்தக் கிழிசல்தான், அதை அடைத்தால் விழித்திரை ஒட்டும் என்று 1920களில் சூட்டுக்கோல் கொண்டு செய்து காட்டினார். பலர் நம்பவில்லை. 1929இல் அம்ஸ்ரடாமில் கூடிய கண் வைத்தியர் மாநாட்டுக்குப் பின்னரே அவரது கருத்து நிலைபெற்றது. இன்று விழித்திரை விலகலில் 100 பேரில் ஏறத்தாழ 85 முதல் 90 பேருக்கு ஒரே சத்திரசிகிச்சையில் விழித்திரை ஒட்டிவிடுகிறது. மற்றவர்களுக்கு இரண்டாவது தடவை தேவைப்படலாம்.

எந்த முறை உங்களுக்கு ஏற்றது என்பதைக் கிழிசலின் இடமும் எண்ணிக்கையும் வயதுமே தீர்மானிக்கும். கண்ணின் வெளிச்சுவரில் சிலிக்கன் பட்டியொன்றைத் தைத்து, சுவரை உள்ளே அழுத்தி, கிழிசலுக்கு அணைகொடுப்பது ஒரு முறை. 1950களில் சார்ள்ஸ் ஷெப்பென்ஸ் பொஸ்ரனில் செம்மைப்படுத்திய இந்த முறையைப் பழசென்று ஒதுக்குவோர் உண்டு. நான் அவர்களோடு உடன்படுவதில்லை. கூழ் இன்னும் இறுக்கமாயிருக்கிற இளவயதுக் கண்ணுக்கு அதுவே பல வேளைகளில் சிறந்தது. உங்கள் வயதில் பெரும்பாலும் அடுத்த பதிலில் வருகிற முறையைத்தான் தெரிவார்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் கணவருக்கு 'விட்ரெக்டமி' செய்யவேண்டும் என்று துண்டில் எழுதித் தந்துள்ளார்கள். இதற்குத் தமிழ்ச் சொல் இல்லையா? கண்ணை வெளியே எடுத்து ஒரு தட்டில் வைத்துத் துப்புரவு செய்து திரும்ப வைப்பார்களாம் என்று அயலில் ஒருவர் சொன்னதிலிருந்து அவர் சாப்பிடுவதும் குறைவு. (கொக்குவில்)

பதில்: முதலில் அவரைச் சாப்பிடச் சொல்லுங்கள். கண்ணை எவரும் வெளியே எடுப்பதில்லை. எடுத்தால் திரும்ப வைத்துப் பார்வை தர உலகில் எவராலும் இயலாது. பார்வை நரம்பில் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் உள்ளன, அறுந்தால் அவை பொருந்துவதில்லை. இந்தத் தட்டுக் கதையை நான் என் சிறுவயதிலும் கேட்டிருக்கிறேன். கதை மாறவில்லை, தட்டு மட்டும் ஒருவர் வாயில் வெள்ளித் தட்டாகவும் இன்னொருவர் வாயில் கண்ணாடித் தட்டாகவும் மாறுகிறது.

சொல்லைப் பொறுத்தவரை, 'கண்ணாடியுடனீர் அகற்றல்' என்று எழுதலாம். உங்கள் குறை நியாயமானது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலே மருத்துவம் கற்பித்து, தமிழிலே மருத்துவ நூல்களும் ஆக்கிய மண் இது. அந்த மண்ணில் இருந்துகொண்டு நாங்கள் துண்டில் ஆங்கிலத்தைக் கிறுக்கித் தருவதற்கு நேரமின்மையைத் தவிர வேறு சாட்டு என்னிடம் இல்லை.

இனிச் செய்முறை. கண்ணைச் சுற்றி விறைப்பூசி போட்டபின், கண்ணின் வெள்ளைப் பகுதியில், கருவிழியின் ஓரத்திலிருந்து ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் பின்னே, மூன்று நுண்துளைகள் இடப்படும். அந்த இடத்தைத் தெரிவது காரணத்தோடுதான்: முன்னே வில்லையும் பின்னே விழித்திரையும் தப்பும் ஒடுங்கிய இடைவெளி அது. ஒரு துளையினூடாக உப்புநீர் சொரிந்து கண்ணின் அமுக்கத்தைக் காக்கும். இன்னொன்றினூடாக ஒளி இழை செல்லும். மூன்றாவதினூடாக வெட்டி உறிஞ்சும் கருவி செல்லும். சத்திரசிகிச்சை நிபுணர் கால்மிதியால் கருவியின் வேகத்தை ஆண்டுகொண்டு நுணுக்குக்காட்டியினூடாகப் பார்த்தபடி செய்வார். கருவியின் நுனிக்கருகே உள்ள சிறு வாயில் கூழ் நுழைய, உள்ளேயுள்ள கத்தி அதை நறுக்கும், நறுக்கியது உறிஞ்சப்படும். இன்றைய கருவிகள் நிமிடத்துக்கு 10,000 தடவைக்கு மேல் வெட்டுகின்றன. எதற்கு இந்த வேகம் என்று கேட்கலாம். வெட்டு மெதுவாக இருந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கூழ் இழுபட்டு, அதோடு ஒட்டியிருக்கும் விழித்திரையும் இழுபடும். வேகம் கூடக்கூட இழுவை குறையும்.

இந்தச் சிகிச்சையை 1970இல் அமெரிக்காவின் மயாமியில் றொபேட் மக்கெமர் தொடக்கிவைத்தார். தன் கருவி கூழை இழுக்காமல் வெட்டுமா என்பதை அவர் முதலில் கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் சோதித்துப் பார்த்தார். அவருடைய கருவி நுழைய 2 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட வெட்டும், முடிவில் தையலும் தேவைப்பட்டன. பின்னர் அது 0.9 மில்லிமீற்றராகி, 2002 முதல் அரை மில்லிமீற்றராகவும், 2010 அளவில் 0.4 மில்லிமீற்றராகவும் மெலிந்தது. அரை மில்லிமீற்றர்த் துளைக்குப் பெரும்பாலும் தையலே வேண்டாம். கருவியை எடுத்ததும் தானாக மூடிக்கொள்ளும். மறுநாள் கட்டவிழ்க்கும்போது கண் சிவந்திருப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத நோயாளிகள் சிலர், சத்திரசிகிச்சை நடந்ததா என்றே எம்மிடம் கேட்பதுண்டு.

கூழை எடுப்பது வழி திறப்பதற்கே. உண்மையான வேலை அதன் பின்னர்தான். விழித்திரை கழன்றிருந்தால், நீரைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு அடர்த்தியான ஒரு தெளிந்த திரவத்தைக் கண்ணின் அடியில் துளித்துளியாக விடுவோம். 1980களில் நியூயோர்க்கில் ஸ்ரான்லி சாங் இதனைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். மடிந்து சாம்பல் நிறமாகக் கிடந்த விழித்திரை, அந்தத் திரவத்தின் விளிம்பு ஏற ஏற, கீழிருந்து மேலாக அழுந்திப் படிவதையும், அதன் பின்னே தங்கியிருந்த நீர் கிழிசலினூடாகப் பிதுங்கி வெளிவருவதையும், செந்நிறம் அந்த இடத்துக்குத் திரும்புவதையும் எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. பிறகு கிழிசலைச் சுற்றி லேசர் இட்டு, திரவத்தை எடுத்துவிட்டு, வாயுவோ சிலிக்கன் எண்ணெயோ நிரப்புவோம்.

உங்கள் கணவருக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 50 வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தச் சிகிச்சையின் பின் ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் கண்புரை வளர்ந்துவிடும். அது தவறு நடந்ததன் அடையாளமன்று. புரையை வழமைபோல அகற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் அண்ணாவுக்கு இங்கே விழித்திரை விலகி, கண்ணுக்குள் வாயு அடைத்து அனுப்பியுள்ளார்கள். குனிந்தபடியே இருக்கச் சொன்னதால் ஆள் நொந்துபோனார். பிள்ளைகள் அவரை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போகத் திட்டமிட்டுள்ளார்கள். அடுத்த மாதம் ரொறன்ரோவுக்கு விமானச்சீட்டும் எடுத்தாயிற்று. (கரவெட்டி)

பதில்: நுவரெலியாவும் வேண்டாம், விமானமும் வேண்டாம், வாயு முழுவதும் போய்விட்டது என்று கண்ணைப் பார்த்த வைத்தியர் எழுத்தில் தரும் வரைக்கும்.

காரணம் பாடசாலைப் பௌதிகம்தான். வெளியமுக்கம் குறைந்தால் வாயு விரியும். விமான அறையின் அமுக்கம் ஏறத்தாழ 2,400 மீற்றர் உயர மலையுச்சியில் உள்ளதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. அங்கே கண்ணுக்குள் இருக்கும் குமிழி மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பெருக்க முனையும். கண்ணின் சுவர் பலூனைப்போல இளகிக்கொடுக்காது. எனவே அமுக்கம் ஏறி, விழித்திரைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடி அடைபட்டு, கடும் நோவோடு பார்வை நிரந்தரமாகப் போகலாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் குமிழி வைத்த கண்ணை மலைப்பாதையில் ஏற்றுவது விமானத்தில் ஏற்றுவதற்குச் சற்றுத்தான் குறைந்த ஆபத்து. யாழ்ப்பாணத்தார் தட்டையான நிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களாதலால் உயரம் ஒரு மருத்துவ விடயம் என்பதே எமக்கு எளிதில் தோன்றுவதில்லை. கொழும்புக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ போவதற்கு உயரம் தடையில்லை.

வாயு எவ்வளவு காலம் நிற்கும் என்பது வாயுவைப் பொறுத்தது. வெறும் காற்று ஒரு வாரமளவில் போய்விடும். சல்பர் ஹெக்ஸாபுளோரைட் ஏறத்தாழ இரண்டு வாரம். பேர்புளோரோபுரோப்பேன் என்றால் எட்டு வாரம் வரை. எது வைக்கப்பட்டது என்பதை அண்ணாவின் சிட்டையில் தெளிவாக எழுதி வாங்குங்கள். இடையில் வேறேதும் சத்திரசிகிச்சைக்கு மயக்கமருந்து கொடுக்கவேண்டி வந்தால், கண்ணில் வாயு இருப்பதை மயக்கமருந்து வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லவேண்டும். சிரிப்பு வாயு என்று அழைக்கப்படுகிற நைதரசன் ஒட்சைட்டு அந்தக் குமிழிக்குள் புகுந்து அதையும் ஊதச்செய்துவிடும்.

குனிந்திருப்பது பற்றி. மேசன்மார் மட்டம் பார்க்கும் கருவியின் குமிழி எப்போதும் உயரமான பக்கத்துக்கே ஓடும். கண்ணுக்குள் வைத்த குமிழியும் அப்படியே. அது விழித்திரையின் கிழிசலில் போய் அழுத்தவேண்டுமானால், கிழிசல் இருக்கும் பக்கம் மேலே வரும்படி தலையை வைத்திருக்கவேண்டும். எல்லாருக்கும் குப்புறப் படுக்கை வேண்டியதில்லை. சிலருக்கு ஒருபக்கம் சரிந்து படுத்தாற் போதும். அண்ணாவுக்கு என்ன சொல்லப்பட்டது என்பதைச் சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குனிந்தபடி இருக்கவேண்டியவர்கள் கதிரையில் இருந்து மேசையில் தலையணை வைத்து நெற்றியைச் சாய்க்கலாம். மணிக்கு ஒருமுறை எழுந்து, நிலத்தைப் பார்த்தபடி, முற்றத்தில் நாலு அடி நடக்கலாம். என் நோயாளி ஒருவர் திண்ணை விளிம்பில் நெஞ்சை வைத்துக் கீழே நிலத்தில் புத்தகத்தை விரித்து, மற்றக் கண்ணால் வாசித்தே ஐந்து நாளைக் கடத்தினார். மல்லாந்து படுப்பது மட்டும் கூடாது.

குமிழி குறைவதை அண்ணாவே அறிவார். மேலே மிதக்கும் குமிழி, விம்பம் தலைகீழாவதால், அவர் பார்வையில் கீழே கிடப்பதாகத் தோன்றும். முதலில் எல்லாமே பனிமூட்டம் போல மங்கலாயிருக்கும். பின்னர் குறுக்கே ஒரு கோடு தோன்றி நாளாந்தம் கீழிறங்கும். கடைசியில் தளும்பும் ஒரு சிறு வட்டமாகி மறையும். விமானச்சீட்டின் திகதியை மாற்றுவதற்குச் செலவாகும் பணம் ஒரு கண்ணின் விலையோடு ஒப்பிட்டால் பெரிதன்று.

கேள்வி: எனக்கு வாயுவுக்குப் பதிலாக எண்ணெய் வைத்தார்கள். இப்போது அதை எடுக்க இன்னொரு சத்திரசிகிச்சை என்கிறார்கள். முதலாவது பிழைத்துவிட்டதா? (கிளிநொச்சி)

பதில்: இல்லை. வாயு தானே கரைந்துபோகும். சிலிக்கன் எண்ணெய் கரையாது, எடுக்கவேண்டும். பழைய விலகல், பல கிழிசல்கள், விழித்திரையின் மேல் தழும்புத்தோல் வளர்ந்து அதைச் சுருக்கியிருத்தல் போன்ற கடினமான கண்களுக்கே நீண்டகால முட்டாக எண்ணெயைத் தெரிகிறோம். நெடுங்காலம் விட்டால் அது குழம்பித் துகள்களாகி, கண்ணமுக்கத்தைக் கூட்டலாம். எனவே பெரும்பாலும் சில மாதங்களில் எடுத்துவிடுவோம். எண்ணெய் இருக்கும்வரை பார்வை கலங்கியிருப்பதும் கண்ணாடியின் வலு மாறுவதும் இயல்பே.

கேள்வி: சலரோகம் 16 வருடமாக உள்ளது. ஒரு காலையில் முகம் கழுவும்போது இடக்கண்ணுக்குள் மை கரைவது போலத் தோன்றிப் பார்வை மறைந்தது. உள்ளே இரத்தம் கசிந்துள்ளது என்கிறார்கள். ஒருவர் ஊசி போதும் என்கிறார், இன்னொருவர் சத்திரசிகிச்சை என்கிறார். யாரை நம்புவது? (மானிப்பாய்)

பதில்: இருவரும் சரியாக இருக்கலாம். நீரிழிவினால் விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபட, குருதி கிடைக்காத பகுதிகள் புதிய குழாய்களை வளர்க்கும்படி ஓர் இரசாயனச் செய்தியை அனுப்புகின்றன. வளரும் குழாய்களோ வலுவற்றவை. கூழின் இழுவைக்குத் தாங்காமல் உடைந்து இரத்தம் சிந்துகின்றன. 1970களில் நிறுவப்பட்ட முறை, குருதியற்ற பகுதிகளை லேசரால் சுட்டு, அந்தச் செய்தியை அனுப்பும் வாயையே அடைப்பது. 2005 முதல் கண்ணுக்குள் ஏற்றும் ஊசிகள் வந்தன. அவற்றில் மலிவானதும் எம் நாட்டில் பரவலாகப் பயன்படுவதுமான அவஸ்டின், உண்மையில் குடற்புற்றுநோய்க்காக ஆக்கப்பட்ட மருந்து. அது அந்தச் செய்தியை இடைமறிக்கிறது, ஆனால் சில வாரங்களுக்கு மட்டுமே.

உங்களைப் போன்று இரத்தம் கசிந்தவர்களில் ஊசியையும் சத்திரசிகிச்சையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வொன்று 2020இல் வெளியானது. 24 வாரங்களின் சராசரிப் பார்வையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குப் பார்வை முந்தித் தெளிந்தது. ஊசியோடு தொடங்கியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பின்னர் சத்திரசிகிச்சையும் தேவைப்பட்டது. ஊசி என்றால் மாதாமாதம் தவறாமல் வரவேண்டும். என் அனுபவத்தில் தடை அங்கேதான். மூன்றாம் ஊசியோடு கண் சற்றுத் தெளிய, நாற்று நடுகை வரும், பேத்தியின் சாமத்தியச்சடங்கு வரும், கிளினிக் திகதி போய்விடும். ஒழுங்காக வர இயலாது என்று தெரிந்தவருக்கு நான் சத்திரசிகிச்சையையே முதலில் சொல்வேன். மற்றக் கண்ணில் பார்வை குறைந்தவருக்கும், விழித்திரையை இழுத்துத் தூக்கும் தழும்புத்தோல் வளர்ந்தவருக்கும் அப்படியே. பின்னதற்கு ஊசி தனித்து உதவாது. சத்திரசிகிச்சைக்குச் சில நாட்கள் முன்னர் ஒரு ஊசி போட்டால் குழாய்கள் வாடி, வெட்டும்போது இரத்தப்பெருக்குக் குறையும். ஆகவே "ஊசியா, கத்தியா" என்ற வழக்கு பல கண்களில் "ஊசியும் கத்தியும்" என்றே முடிகிறது.

இதற்கிடையில் உங்கள் வலக்கண்ணை எவரேனும் பார்த்தார்களா? நீரிழிவு இரண்டு கண்களிலும்தான் வேலை செய்கிறது. வலக்கண்ணுக்கு இப்போதே லேசர் தேவைப்படலாம்.

கேள்வி: நான் பனையோலைப் பெட்டி இழைப்பவள். சில மாதங்களாக வலக்கண்ணால் பார்த்தால் ஓலையின் நேர்விளிம்பு நடுவில் வளைந்து, ஒரு இடத்தில் அறுந்தது போலத் தெரிகிறது. மஞ்சட்பொட்டில் துளையாம். ஓட்டையைத் தைப்பார்களா? (பருத்தித்துறை)

பதில்: தைப்பதில்லை அம்மா, தானே மூடும்படி விடுவிக்கிறோம். நீங்கள் ஓலை விளிம்பைப் பார்த்து அறிந்ததை நாங்கள் கட்டம் போட்ட அட்டையைக் காட்டி அறிகிறோம். உங்கள் சோதனை அதற்குக் குறைந்ததன்று. மஞ்சட்பொட்டின் நடுவே கூழ் பற்றியிழுப்பதால் உண்டாகும் இந்தத் துளைக்கு 1991 வரை சிகிச்சையே இல்லை என்று கருதினார்கள். அந்த ஆண்டில் கெலி, வெண்டெல் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள், கூழை அகற்றி வாயு வைத்துக் குனிந்திருக்கச் செய்தபோது 100க்கு 58 கண்களில் துளை மூடியதாக எழுதினார்கள். இன்று பெரும்பாலான துளைகளில் அந்த எண் 90ஐத் தாண்டிவிட்டது.

அந்த வேறுபாட்டைப் பெருமளவு உண்டாக்கியது ஒரு தோல். விழித்திரையின் உட்புறத்தை மூடியிருக்கும் அது ஒரு மில்லிமீற்றரில் சில ஆயிரத்திலொரு பங்கே தடிப்பு. கண்ணாடிபோல் தெளிவானதால் கண்ணுக்கே தெரியாது. நீலச்சாயம் ஒரு துளி இட்டு, அரை நிமிடம் விட்டுக் கழுவினால் அது மெல்லிய நீலமாகத் தெரியும். நுண்ணிய இடுக்கியால் அதன் ஒரு முனையைக் கிள்ளி, துளையைச் சுற்றி வட்டமாக உரித்தெடுப்போம். நீங்கள் ஈர்க்கிலிருந்து ஓலையை வார்ந்தெடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த வேலையை மூச்சை அடக்கிக்கொண்டு செய்வதாக. அந்தத் தோலின் இறுக்கம் நீங்கியதும் துளையின் விளிம்புகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. பெரிய துளைகளுக்கு, உரித்த தோலை எறியாமல் துளையின் மேல் மடித்து மூடும் உத்தி 2010இல் போலந்திலிருந்து வந்தது. துளை வந்து மாதங்கள் சென்றுவிட்டமையால் முழுப் பார்வை திரும்பும் என்று நான் சொல்லமாட்டேன். வளைவு குறைந்து, விளிம்பு பொருந்தும். ஓராண்டுக்கு மேல் விடாதீர்கள்.

கேள்வி: என் தம்பிக்குச் சிறுவயது முதல் மாலைக்கண். இப்போது 24 வயதில் குழாயினூடாகப் பார்ப்பது போல் இருக்கிறது என்கிறான். அம்மாவும் அப்பாவும் மச்சான் மச்சாள் முறை. வெளிநாட்டில் மூல உயிரணு ஊசியால் குணமாக்குவதாக ஓர் இணையத்தளத்தில் பார்த்தோம். காணியை விற்கலாமா? (வட்டுக்கோட்டை)

பதில்: காணியை விற்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு இத்தகைய ஊசி போடும் இடங்கள் பல நாடுகளில் உள்ளன. அமெரிக்காவின் புளோரிடாவில், மஞ்சட்பொட்டுத் தேய்வு இருந்த மூன்று பெண்களுக்கு அவர்களது கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களை இரண்டு கண்களிலும் ஏற்றியதால், இருந்த பார்வையும் போனதை 2017இல் மருத்துவச் சஞ்சிகையொன்று பதிவுசெய்தது. இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஊசி என்று எவர் சொன்னாலும், பணம் செலுத்தினால்தான் 'ஆய்வில்' சேரலாம் என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

தம்பிக்கு இருப்பது பெரும்பாலும் பரம்பரையாக வரும் விழித்திரைத் தேய்வு. இரத்த உறவில் மணம் முடித்த பெற்றோர் இருவருமே அறியாமல் ஒரே பழுதான மரபணுவைச் சுமந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. இதில் அம்மாவினதோ அப்பாவினதோ குற்றம் எதுவுமில்லை. இந்த நோய்க்குக் காரணமான மரபணுக்கள் பல பத்துக்கள். அவற்றில் ஆர்பிஈ65 என்ற ஒன்றுக்கு மட்டும், சரியான மரபணுவைத் தீங்கற்ற வைரசில் ஏற்றி விழித்திரையின் பின்னே செலுத்தும் மருந்து 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. லக்ஸ்ரூனா என்ற அந்த மருந்தின் விலை அறிவிக்கப்பட்டபோது ஒரு கண்ணுக்கு 425,000 டொலர். அதைச் செலுத்துவதும் நான் மேலே விவரித்த அதே கூழகற்றும் சத்திரசிகிச்சையின் வழியாகத்தான். பின்னர் மயிரிழை போன்ற ஊசிக்குழாயால் விழித்திரையின் கீழ் ஒரு சிறு நீர்க்கொப்புளம் எழுப்பப்படும்.

ஆகவே தம்பி இப்போது செய்யவேண்டியவை, கண் வைத்தியரிடம் நோயை உறுதிப்படுத்துவதும், வசதி கிடைக்கும்போது மரபணுப் பரிசோதனை செய்து எந்த மரபணு என்று அறிந்து வைப்பதும். இந்த நோயில் இளவயதிலேயே கண்புரையும், மஞ்சட்பொட்டில் நீர்கோர்ப்பும் வருவதுண்டு. இவற்றுக்குச் சிகிச்சை உண்டு, அதனால் எதுவும் செய்யமுடியாது என்று எண்ணி வீட்டில் வைத்திருக்கவேண்டாம். இரவில் சைக்கிள் ஓடவேண்டாம் என்று அக்கா சொன்னால் கேட்பாரோ தெரியவில்லை, நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 71 வயது. என் ஒரு கண்ணை, விழித்திரை கெட்டுப்போன பேரனுக்குக் கொடுக்கமுடியுமா? (நெடுந்தீவு)

பதில்: முடியாது ஐயா. தானமாகக் கிடைக்கும் கண்ணிலிருந்து மாற்றிவைக்கப்படுவது விழிவெண்படலம் என்கிற முன்புறக் கண்ணாடி மட்டுமே. விழித்திரை மூளையின் ஒரு நீட்சி, அதை வெட்டி ஒட்டமுடியாது. 2023இல் நியூயோர்க்கில் ஒருவருக்கு முழுக்கண்ணையே மாற்றிவைத்தார்கள். கண் உயிரோடு நின்றது, பார்வை வரவில்லை. உங்கள் காலத்துக்குப் பின்னர் கண்ணைத் தானம் செய்ய விரும்பினால் இலங்கைக் கண் தான சங்கத்தில் பதிந்துவையுங்கள்.

கேள்வி: நான் 10ஆம் தரத்தில் படிக்கிறேன். 2019 டிசம்பர் 26ஆம் திகதி வளையச் சூரியகிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்த என் மாமாவுக்கு நடுப்பார்வையில் ஒரு புள்ளி நிற்கிறது. அதைச் சத்திரசிகிச்சையால் எடுக்கலாமா? (சுன்னாகம்)

பதில்: எடுக்கமுடியாது தம்பி. அது உள்ளே வந்து சேர்ந்த பொருளன்று, மஞ்சட்பொட்டில் வெயில் சுட்ட தழும்பு. சிலருக்கு மாதக்கணக்கில் மங்கி மறையும். இத்தனை ஆண்டுகள் நின்றது இனி மறைவது அரிது. யாழ்ப்பாணத்துக்கு 2010 ஜனவரி 15இலும், தைப்பொங்கலுக்கு மறுநாள், வளையக் கிரகணம் வந்தது. பத்தாண்டுக்குள் இரண்டு தடவை இந்த வாய்ப்பும் ஆபத்தும் எம் வானத்துக்கு வந்தன.

ஆனால் இதே வகைத் தழும்பிலிருந்துதான் நான் மேலே பலமுறை குறிப்பிட்ட லேசர்ச் சிகிச்சை பிறந்தது. 1945 ஜூலை 9ஆம் திகதி கிரகணத்தைப் பார்த்துச் சுட்டுக்கொண்ட ஒரு மாணவனின் கண்ணை ஜேர்மனியில் கேர்ட் மேயர் ஷ்விக்கெராத் என்ற வைத்தியர் பார்த்தார். ஒளி தற்செயலாக இப்படியொரு வட்டத் தழும்பை உண்டாக்குமாயின், அதையே வேண்டிய இடத்தில் உண்டாக்கிக் கிழிசலை ஒட்டலாமே என்று எண்ணினார். ஹம்பேர்க்கில் கூரையின் மேல் கண்ணாடிகளை வைத்துச் சூரிய ஒளியைத் திருப்பி, அதை நோயாளியின் கண்ணுக்குள் செலுத்திச் சிகிச்சை செய்தார். மேகம் மூடிய நாட்களில் வேலை நடக்கவில்லை. அந்த நாட்டில் மேகம் மூடாத நாட்கள் குறைவு. அதனால்தான் அவர் சூரியனை விட்டுச் செனன் விளக்குக்கு மாறினார். செனனின் இடத்துக்கு லேசர் வந்தது.